மேல்தளத்து மரியாதை

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். நான் சிட்னியில் வசிக்கிறேன். சென்ற வாரம் என் மகனை அழைத்துக்கொண்டு பிராட்லீஸ் ஹெட் என்ற கடல்முனைக்குப் போயிருந்தேன். துறைமுகத்தைப் பார்த்தபடி அங்கே ஒரு பெரிய எஃகுக் கொடிமரம் நிற்கிறது. எச்.எம்.ஏ.எஸ். சிட்னி என்ற பழைய போர்க்கப்பலுடையது. 1914 செப்டம்பரில் சென்னைமீது குண்டு போட்ட ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டனை, அதே ஆண்டு நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவுகளுக்கு அருகில் அழித்த கப்பல் அது. எம்டன் எரிந்ததைக் கண்ணால் கண்ட கொடிமரம் என்று நினைத்ததும் மெய்சிலிர்த்துவிட்டது.

என் மகன், "மீதிக் கப்பல் எங்கே அப்பா?" என்று கேட்டான். உடைத்துவிட்டார்கள் என்றேன். "அப்படியானால் இதை மட்டும் ஏன் வைத்திருக்கிறார்கள்?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு கப்பலை உடைத்துவிட்டு அதன் ஒரு துண்டை மட்டும் நட்டுவைப்பது மரியாதையா, அவமரியாதையா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

இன்னொரு வருத்தமும் உண்டு. எம்டனில் நம் விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை வந்தார் என்று சிறுவயதில் படித்திருக்கிறேன். அவரைப் பற்றி அங்கே ஒரு வரி இல்லை. நம்மவர்களோ, மாமல்லபுரத்தில் வைப்பதாகச் சொன்ன நீர்மூழ்கிக் கப்பலைக்கூட வைக்கவில்லை. நமக்கு வரலாற்றுணர்வே கிடையாதா?

அன்புடன்,
ர., சிட்னி

அன்புள்ள ர.,

நினைவுச்சின்னங்களைப் பற்றி வரும் கடிதங்களுக்குப் பெரும்பாலும் நான் பதில் எழுதுவதில்லை. ஒரு புகைப்படம், ஒரு பெருமூச்சு, 'நமக்கு வரலாற்றுணர்வு இல்லை' என்று ஒரு வரி. இதற்கு என்ன பதில் எழுதுவது? உங்கள் கடிதத்திலும் அந்த வரி இருக்கிறது. இருந்தாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன். காரணம் உங்கள் பையன். கொஞ்ச காலமாக நான் யோசித்துக்கொண்டிருக்கும் விஷயத்தின் வாசலில் அவன் வந்து நிற்கிறான். நீங்கள்தான் அவனைக் கையைப் பிடித்து வேறு பக்கம் இழுத்துப்போகிறீர்கள்.

முதலில் செண்பகராமனை முடித்துவிடலாம். அவர் எம்டனில் வரவில்லை. எம்டன் அந்தப் போருக்காக ஜெர்மனியிலிருந்து கிளம்பி வந்த கப்பல் அல்ல. சீனக் கரையில் ஜெர்மானியர் வசமிருந்த சிங்தாவ் துறைமுகத்தில் நின்றிருந்த கப்பல். 1914 ஜூலை 31 அன்று அங்கிருந்து புறப்பட்டது, அதன்பிறகு ஐரோப்பாவின் பக்கமே போகவில்லை. செண்பகராமன் அந்தக் கோடையில் சூரிச்சில் இருந்தார், பிறகு பெர்லினுக்குப் போனார். சூரிச்சில் இருப்பவர் வங்கக் கடலில் ஓடும் கப்பலில் எப்படி ஏறுவார்? நீந்தியா? அந்த மனிதர் அந்நிய மண்ணில் அலைந்து, 1934-இல் பெர்லினிலேயே இறந்தவர். உண்மையான அந்த வாழ்க்கையே போதுமானது. இல்லாத கப்பலில் அவரை ஏற்றிவிட்டால்தான் நமக்குப் பெருமை என்றால், அவர்மேல் நமக்கு மதிப்பில்லை என்றுதான் அர்த்தம். இதற்குமேல் இதைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமையில்லை.

மாமல்லபுரம் விவகாரமும் அப்படியே. நீங்கள் சொல்லும் நீர்மூழ்கிக் கப்பல், ஐ.என்.எஸ். வாக்லி, 2010-இல் ஓய்வு பெற்றது. அதைக் காட்சியகமாக்கும் திட்டம் இழுத்துக்கொண்டே போய்க் கைவிடப்பட்டது. அதில் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அதற்கு ஒரு இனத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். இதே நாட்டில்தான் விசாகப்பட்டினத்துக் கடற்கரை மணலில் குர்சுரா என்ற நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது உங்கள் மெய்சிலிர்ப்புக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் பார்த்த கொடிமரத்துக்கு மூன்று கால்கள், அல்லவா? 1914 நவம்பரில் சிட்னி கப்பலின் முன்கொடிமரம் ஒற்றைக் கம்பம். மூன்று கால் கொடிமரத்தை 1917-இல் இங்கிலாந்தில் பழுதுபார்ப்புக்குப் போனபோதுதான் பொருத்தினார்கள். சிறு விமானத்தை ஏவுவதற்கான சுழலும் மேடையும் அப்போது வந்ததுதான். ஆக, 'எம்டன் எரிந்ததைக் கண்ணால் கண்ட கொடிமரம்' என்று நீங்கள் சிலிர்த்த பொருள், எம்டன் எரிந்தபோது அந்தக் கப்பலிலேயே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அது ஒரு எம்டனைப் பார்த்தது உண்மை. முதல் எம்டன் அழிந்தபின் ஜெர்மானியர் அதே பெயரில் இன்னொரு கப்பல் கட்டினார்கள். 1918 நவம்பரில் ஜெர்மானியக் கடற்படை சரணடைய வந்தபோது, அந்தப் புதிய எம்டனைக் காவலோடு கூட்டிவரும் வேலை சிட்னிக்குத்தான் கிடைத்தது. அதை இந்தக் கொடிமரம் பார்த்தது. சண்டையில்லை, குண்டில்லை, தலைகுனிந்து வரும் ஒரு கப்பல் மட்டும். இந்தக் காட்சிக்கு உங்களுக்கு மெய்சிலிர்க்குமா?

இதைச் சொல்வதற்குக் காரணம் உங்கள் தகவலைத் திருத்துவது மட்டுமல்ல. போர்க்கப்பல் என்பது ஓயாமல் மாற்றப்படும் ஒரு பொருள். கொடிமரம் மாறும், பீரங்கி மாறும், ஆட்கள் மாறுவார்கள். அப்படியிருக்க, எதை எடுத்து வைத்தால் அந்தக் கப்பலை வைத்ததாகும்? உங்கள் பையன் கேட்டது இதைத்தான். 'மீதி எங்கே' என்றான் அவன். 'உடைத்துவிட்டார்கள்' என்று நீங்கள் கதவைச் சாத்திவிட்டீர்கள்.

உலகமெங்கும் கரையோரங்களில் எதையெல்லாம் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கொடிமரம், நங்கூரம், மணி, பீரங்கி, கப்பலின் முன்மூக்கு. எல்லாமே கரையில் நின்று பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரிந்த பாகங்கள். வீட்டை இடித்தவர்கள் வாசல் நிலையை மட்டும் பத்திரப்படுத்துவதைப் போல. அடுப்பை யாரும் எடுத்து வைப்பதில்லை. கொதிகலனின் உலைக் கதவு ஒன்றைக் கடற்கரையில் நட்டு, மலர்வளையம் வைத்து, குழந்தைகளுக்குக் காட்டும் ஊர் எதையும் நான் பார்த்ததில்லை.

ஆனால் கோகோஸ் சண்டை எங்கே தீர்மானமானது தெரியுமா? சிட்னியின் பீரங்கிகள் பெரியவை, ஆறு அங்குலம். எம்டனுடையவை 10.5 சென்டிமீட்டர், அதாவது நான்கு அங்குலத்தைச் சற்றே தாண்டும். இது எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. புத்தகங்கள் அரை வரியில் கடந்துபோவது புகைபோக்கிகளை. எம்டனின் மூன்று புகைபோக்கிகளும் ஒவ்வொன்றாக விழுந்தன. புகைபோக்கி புகை போவதற்கு மட்டும் இருப்பதல்ல. உலைக்குள் காற்றை இழுத்துக் கொடுப்பதே அதுதான். அது விழுந்தால் இழுப்பு போய்விடும். கரி இருக்கும், அள்ளிப் போடும் கைகளும் இருக்கும், ஆனால் நெருப்பு மூச்சுத்திணறிக் கிடக்கும். நீராவி குறையும், வேகம் விழும். அந்த நேரத்தில் எம்டனின் அடித்தளத்தில் இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். மேலே என்ன நடக்கிறது என்று அவர்களால் பார்க்க முடியாது. புகை திரும்பி உள்ளே வருகிறது. வேகம் வேண்டும் என்று மேலிருந்து கட்டளை வந்துகொண்டிருக்கிறது. அவர்கள் கரியை அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

எம்டனின் கேப்டன் ஃபான் முல்லர் கடைசியில் கப்பலை அருகிலிருந்த வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறைமேல் ஏற்றிவிட்டார். அவருடைய கண்ணியத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நானும் மறுக்கவில்லை. எம்டனில் இறந்தவர்கள் 130-க்கும் மேல். அவர்களில் மூன்று சீனர்கள் உண்டு. சிப்பாய்கள் அல்லர், சலவைத் தொழிலாளர்கள். சிங்தாவிலிருந்து கப்பலோடு வந்தவர்கள். அந்தப் போரில் அவர்களுக்கு எந்தக் கட்சியும் கிடையாது. வெள்ளை உடுப்புகளை வெளுத்துக் கொடுக்க வந்தவர்கள். அவர்களுக்காகக் கப்பலின் எந்தத் துண்டை எடுத்துக் கரையில் நடுவீர்கள்?

சிட்னி தரப்பில் இறந்தவர்கள் நான்கு பேர். அவர்களில் ஒருவர் தொலைவுமானி அருகே உட்கார்ந்திருந்தவர். அவரைக் கொன்ற குண்டு வெடிக்கக்கூட இல்லை, சும்மா கடந்துபோனது. இந்த நால்வருக்கும் அந்தக் கொடிமரம் பொருந்தும் என்று ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் வெளிச்சத்தில் நின்றவர்கள்.

உங்கள் ஊர்க்காரர்கள் செய்யும் ஒரு காரியம் எனக்குப் பிடிக்கும். ஆஸ்திரேலியக் கடற்படைக் கப்பல்கள் அந்தக் கொடிமரத்தைக் கடக்கும்போது மரியாதை செலுத்துகின்றன. விசில் ஒலிக்கும், மேல்தளத்தில் இருப்பவர்கள் விறைத்து நிற்பார்கள். நல்ல வழக்கம். செத்த கப்பலுக்கு உயிருள்ள கப்பல் வணக்கம் சொல்வது அழகுதான். ஆனால் மேல்தளத்தில் இருப்பவர்கள் என்பதைக் கவனியுங்கள். அதே நிமிடத்தில் என்ஜின் அறையில் ஒருவன் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் விறைத்து நின்றால் கப்பல் போய்ப் பாறையில் மோதும். மரியாதை செலுத்தப்பட்டதே அவனுக்குத் தெரியாது.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கு உண்டு. என் பெரியப்பா இந்தியக் கடற்படையில் ஐ.என்.எஸ். டெல்லியின் பாய்லர் அறையில் இருந்தவர். 1933-இல் அக்கிலீஸ் என்ற பெயரில் பணிக்கு வந்து, நியூசிலாந்துக்காரர்கள் கையில் இருந்து, 1939-இல் தென் அமெரிக்கக் கரையோரம் நடந்த ரிவர் பிளேட் சண்டையைப் பார்த்து, 1948-இல் இந்தியாவுக்கு வந்த கப்பல். நேரு 1950-இல் இந்தோனேசியாவுக்குப் போனது அதில்தான். பெரியப்பாவுக்கு இதிலெல்லாம் அக்கறையில்லை. அவர் சொன்னவை வேறு. பாய்லர் அறைக்குள் நேராக நுழைந்துவிட முடியாது. ஒரு கதவைத் திறந்து உள்ளே போய், அதை மூடி, பிறகுதான் அடுத்த கதவைத் திறக்க வேண்டும். உள்ளே காற்றை அழுத்தி ஏற்றியிருப்பார்கள். காது 'டப்' என்று அடைத்துக்கொள்ளும். வாட்ச், அதாவது தன் முறைக்கான வேலை நேரம், முழுக்க அந்தக் காதோடுதான் இருக்க வேண்டும். பேச்சு கேட்காது, கை அசைவுதான் மொழி. புகைபோக்கிக்குள் புகை எப்படிப் போகிறது என்று பார்க்க ஒரு கண்ணாடி அமைப்பு உண்டு. புகை கறுத்தால் காற்று போதவில்லை. வெளுத்தால் காற்று அதிகம். இரண்டும் குற்றம். கரும்புகை எதிரிக்குக் கப்பலைக் காட்டிக்கொடுக்கும், மேலிருந்து உடனே திட்டு வரும். புகையே கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் கீழே இருப்பவன் தன் வேலையைச் சரியாகச் செய்கிறான் என்று பொருள். "எங்கள் வேலை நன்றாக இருந்தால் எதுவும் தெரியாது" என்பார், பல் குத்திக்கொண்டே.

கடலைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார். கடலை விடுப்பில் வரும்போது கரையிலிருந்துதான் நன்றாகப் பார்த்திருக்கிறாராம்.

நீங்கள் செண்பகராமனை இழுத்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய அஸ்தி 1966-இல் கொச்சிக்கு வந்தது இதே ஐ.என்.எஸ். டெல்லியில்தான். எம்டனில் வராதவர் இதில் நிஜமாகவே வந்தார். பெரியப்பா அந்தப் பயணத்தில் இருந்தார். நான் எவ்வளவோ ஆவலாகக் கேட்டேன். அவருக்கு நினைவிருந்தது ஒன்றுதான். வாட்ச் முடிந்து மேலே வந்திருக்கிறார். எல்லோரும் வெள்ளை உடுப்பில் வரிசையாக நின்றிருக்கிறார்கள். இவர் எண்ணெய் படிந்த கையோடும் முகத்தோடும் அப்படியே திரும்பிக் கீழே இறங்கிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "அந்த நேரத்தில் நாம் அங்கே நிற்பது நன்றாக இருக்காதே" என்றார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. தானாகவே போனார். இதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது.

பழைய விமானம் தாங்கிக் கப்பல் விக்ராந்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1961 முதல் 1997 வரை பணியில் இருந்தது. மும்பையில் சில ஆண்டுகள் காட்சியகமாக நின்றது, பிறகு பராமரிக்க முடியாமல் 2014-இல் உடைக்க ஆரம்பித்தார்கள். அதன் இரும்பில் மும்பையில் ஒரு சிற்பம் வைத்தார்கள்; ஒரு மோட்டார் சைக்கிள் நிறுவனம் கொஞ்சம் வாங்கி வண்டியாக்கி விற்றது. 1971 போரில் விக்ராந்தின் விமானங்கள் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கியதை எல்லோரும் பேசுகிறார்கள். அப்போது அதன் நான்கு பாய்லர்களில் ஒன்று விரிசல் விட்டுக் கிடந்தது என்பதைப் பேசுவோர் குறைவு. விமானம் தாங்கிக் கப்பலுக்கு வேகம்தான் உயிர். கப்பல் எதிர்க்காற்றில் வேகமாக ஓடினால்தான் குட்டை ஓடுதளத்திலிருந்து விமானம் எழும்பும். மூன்று பாய்லரை வைத்துக்கொண்டு அந்த வேகத்துக்குப் போராடியவர்கள் கீழே இருந்தார்கள். விமானிகளின் படங்கள் நம்மிடம் இருக்கின்றன. கீழே இருந்தவர்களில் ஒருவரின் முகமாவது உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது.

முழுக் கப்பலையும் வைத்துக்கொண்டால் என்ன என்று உங்கள் பையன் அடுத்துக் கேட்பான். உப்புத் தண்ணீரில் நிற்கும் எஃகு அரிக்கும், அடிக்கடி உலர்துறையில் ஏற்ற வேண்டும், அதற்குப் பணம் யாரிடமும் நிரந்தரமாக இருப்பதில்லை. அவ்வளவுதான் பதில். இதில் மரியாதை, அவமரியாதை என்று நீங்கள் மனத்தை வருத்திக்கொள்ள ஒன்றுமில்லை. எல்லாக் கப்பலும் உடையத்தான் போகிறது.

குர்சுராவைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். சோவியத் நாட்டில் கட்டப்பட்டு 1969-இல் பணிக்கு வந்த நீர்மூழ்கி. 1971 போரில் அரபிக் கடலில் ரோந்து போனது. 2001-இல் ஓய்வு பெற்றது. கடலிலிருந்து இழுத்து மணலில் ஏற்றி, 2002-இல் காட்சியகமாகத் திறந்தார்கள். தண்ணீரிலேயே விடாமல் கரையில் ஏற்றியதால்தான் இன்றும் இருக்கிறது. வெளியே நின்று பார்த்தால் ஒரு கறுத்த உருளை, படம் எடுக்கக்கூட அழகாக இருக்காது. உள்ளேதான் விஷயம். குனிந்து, வட்டத் துவாரங்கள் வழியாகக் காலை முதலில் நுழைத்துப் போக வேண்டும். டார்ப்பிடோக்களுக்குப் பக்கத்திலேயே படுக்கைகள். எழுபது, எழுபத்தைந்து பேர் வாழ்ந்த இடம். தலைக்கு மேலும் தோளுக்குப் பக்கத்திலும் குழாய்களும் வால்வுகளும். ஓய்வு பெற்ற கடற்படை ஆட்களே வழிகாட்டிகளாக நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர், ஒரு வால்வைச் சுட்டிக்காட்டி விளக்கும்போது, தன்னையறியாமல் அதைத் துடைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்ததைப் பார்த்தேன். நீர்மூழ்கியில் மேல்தளத்து ஆள், கீழ்த்தளத்து ஆள் என்ற பேதம் இல்லை. எல்லோருமே கீழே இருப்பவர்கள். நான் பார்த்த கப்பல் நினைவகங்களில் என் பெரியப்பாவை அழைத்துப்போயிருக்கலாமே என்று ஏங்கவைத்தது அது ஒன்றுதான். அவர் அதற்குள் காலமாகிவிட்டார்.

உங்கள் நாட்டிலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதே பெயருடைய இரண்டாவது சிட்னி கப்பல் 1941 நவம்பரில் 645 பேரோடு மூழ்கியது, ஒருவரும் பிழைக்கவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜெரால்டன் ஊரின் குன்றின்மேல் அதற்கு ஒரு நினைவகம் இருக்கிறது. அதன் குவிமாடம் முழுக்க உலோகக் கடற்பறவைகள், மொத்தம் 645. கேப்டனுக்குப் பெரிய பறவை கிடையாது. என்ஜின் அறையில் இருந்தவனுக்கும் அதே அளவுதான். யோசித்தவர் யாரோ நல்ல மனிதர்.

பையனை மறுபடி கூட்டிக்கொண்டு போங்கள். 1929-இல் காக்கட்டூ தீவில் கப்பலை உடைத்தார்கள், 1934-இல் இந்தக் கொடிமரத்தை நிறுத்தினார்கள் என்று ஆண்டோடு சொல்லுங்கள். குழந்தைகளுக்கு ஆண்டுகள் பிடிக்கும். அதன் முன்மூக்கை உங்கள் புகழ்பெற்ற பாலத்துக்குப் பக்கத்தில், வடகரையின் தடுப்புச் சுவரில் பதித்திருக்கிறார்கள். அதையும் காட்டுங்கள். எம்டனின் பீரங்கி ஒன்று ஹைட் பார்க்கில் இருக்கிறது, போகிற வழிதான். பிறகு உட்காரவைத்து, இந்த மூன்று துண்டுகளில் எதுவும் என்ஜின் அறையிலிருந்தோ பாய்லர் அறையிலிருந்தோ வந்ததல்ல, அங்கே யார் இருந்திருப்பார்கள் என்று நீங்களே அவனிடம் கேளுங்கள். பதிலை எனக்கு எழுதுங்கள், உங்கள் பதிலை அல்ல, அவனுடையதை.

இன்னொரு வேலையும் தருகிறேன். நியூசிலாந்து உங்களுக்குப் பக்கம். ஆக்லாந்தில் டெவன்போர்ட் கடற்படைத் தளத்தின் வாசலில் அக்கிலீஸின் பீரங்கிக் கூண்டு ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. 1978-இல் கப்பல் ஓய்வு பெற்றபின் இந்தியா அன்பளிப்பாகக் கொடுத்தது. அந்தக் கப்பல் அக்கிலீஸாக இருந்தது பதினைந்து ஆண்டு, டெல்லியாக இருந்தது முப்பது ஆண்டு. எப்போதாவது அந்தப் பக்கம் போனால், அங்குள்ள பலகையில் அந்த முப்பது ஆண்டுகளைப் பற்றி எத்தனை வரி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். ஒரு வரிதான் என்றால், நீங்களும் நானும் சேர்ந்து அவர்களுக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதலாம். ஆங்கிலத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பாய்லர் அறையைப் பற்றிய பத்தியை நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்.